"உன்னையும் இயேசப்பாவுக்கு ரொம்பப் பிடிக்குமா அம்மா?"

நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய் எழுதியிருக்கிறார். வேலைக்காக இப்போது பெரிய நகரம் ஒன்றில் வசிக்கிறார்கள். ஒரே மகள், ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மூன்று வயதிலேயே பரமண்டல ஜெபத்தை மழலையில் சொன்னவள். 23ஆம் சங்கீதத்தைப் பார்க்காமல் சொல்லி சண்டே ஸ்கூலில் பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியவள்.

ஐந்து மாதத்துக்கு முன் அவளுடைய தாத்தா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். அந்தப் பதினோரு நாளும் காலையும் இரவும் கட்டிலோரம் முழங்கால் போட்டு, "தாத்தாவை வீட்டுக்கு அனுப்புங்க இயேசப்பா" என்று பாப்பா ஜெபித்திருக்கிறாள். அடக்கம் முடிந்த வாரத்தில் இரண்டு பேச்சுகள் அவள் காதில் விழுந்தன. "இயேசப்பாவுக்குத் தாத்தாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதான் கூட்டிட்டுப் போயிட்டார்" என்று அம்மா சொன்னது ஒன்று. "நாம இன்னும் விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா அப்பா பிழைச்சிருப்பாங்க" என்று அத்தை அழுதுகொண்டே சொன்னது இன்னொன்று.

அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் அவள் வாய் திறப்பதில்லை, கண்ணையும் மூடுவதில்லை. ஜெபம் இரவு ஒன்பதுக்குத் தொடங்கிச் சில நாள் பத்து வரை போகும். தூங்கி விழுந்தால், "ஜெபத்துல தூங்குனா இயேசப்பா கோவிச்சுக்குவார்" என்று ஆச்சி எழுப்பிவிடுவார். அப்பா கையில் போன். அம்மா ஒரு நட்சத்திர அட்டை செய்து சுவரில் ஒட்டினார்: ஜெபித்தால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பொம்மை. இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் "எனக்குப் பொம்மை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாளாம்: "அம்மா, உன்னையும் இயேசப்பாவுக்கு ரொம்பப் பிடிக்குமா?" "ஆமாடா செல்லம், ரொம்ப" என்று அம்மா சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதிருக்கிறாள்.

"இந்த வயதிலேயே விசுவாசத்தை இழக்கிறாளா? கட்டாயப்படுத்தலாமா? 'ஜெபமில்லாத வீடு கூரையில்லாத வீடு' என்று சொல்லும் மாமியாரிடம் என்ன பேசுவது? கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வசனம் சொல்லவும் மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது?" இவைதான் அவர் கேட்பவை.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "உன்னையும் இயேசப்பாவுக்கு ரொம்பப் பிடிக்குமா?" அவள் ஏன் அழுதாள் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயேசப்பாவுக்கு யாரை ரொம்பப் பிடிக்கிறதோ அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அம்மாவையும் அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். அப்படியானால் அடுத்தது யார்?

ஜெபிக்க மறுப்பதை எதிர்ப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அவள் ஒளிந்துகொண்டிருக்கிறாள். வாய் திறந்தால் இயேசப்பா இந்த வீட்டுப் பக்கம் பார்ப்பார், பார்த்தால் அம்மாவும் கண்ணில் படுவாள். கண்ணை மூடாமல் இருப்பதும் உங்களைக் காவல் காப்பதற்காகவே இருக்கலாம். நேரில் பேசாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகளின் மனநல ஆலோசகராகவும், ஞாயிறுதோறும் சண்டே ஸ்கூல் ஆசிரியையாகவும் இருக்கிறேன். இந்தப் பயத்தைப் பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, விசுவாசத்தை இழக்கிறாளா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. அவள் மிகவும் நம்புகிறாள். அவள் நம்பும்படி நாம் வரைந்துகொடுத்த படம்தான் தவறு. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. மாமனாரைப் பறிகொடுத்த வாரத்தில், கையில் கிடைத்த ஆறுதலை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தீர்கள். துக்க வீடுகளில் நம்மில் பாதிப் பேர் சொல்லும் வாக்கியம்தான் அது.

முதலில் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுங்கள்

இரண்டு வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர், அந்த வயதில் தங்கள் எண்ணமும் ஆசையுமே வெளியுலகத்தில் காரியங்களை நடத்துகின்றன என்று குழந்தைகள் நினைப்பதைக் கவனித்தார். ஆறு வயதில் மரணம் என்றால் திரும்பி வராதது என்பது இப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும். அது ஏன் நடக்கிறது என்பது இன்னும் பிடிபட்டிருக்காது. அந்த இடைவெளியை நாம் சொல்லும் வார்த்தைகளால் அப்படியே நிரப்பிக்கொள்வாள். "தூங்கிட்டார்" என்றால் தூங்கப் பயப்படுவாள். "கூட்டிட்டுப் போயிட்டார்" என்றால், கூட்டிக்கொண்டு போகிறவரைக் கண்டு பயப்படுவாள்.

அவசரம் இல்லாத ஒரு மாலையில், அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, மடியில் வைத்துக்கொண்டோ தலை வாரிவிட்டுக்கொண்டோ பேசுங்கள். ஏறக்குறைய இப்படி:

"அன்னிக்கு அம்மா ஒண்ணு சொன்னேன்ல, இயேசப்பா பிடிச்சுப்போய் தாத்தாவைக் கூட்டிட்டுப் போயிட்டார்னு? அம்மா தப்பா சொல்லிட்டேன். தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டருங்க எவ்வளவோ பார்த்தாங்க, சரி பண்ண முடியல. அதனாலதான் தாத்தா செத்துப்போயிட்டாங்க. நீ ஜெபம் பண்ணது சரியில்லன்னு இல்ல. நீ ரொம்ப நல்லா ஜெபம் பண்ண. இயேசப்பா கேட்டுக்கிட்டுதான் இருந்தார். தாத்தா இப்ப அவர்கிட்ட பத்திரமா இருக்காங்க. அம்மா நல்லா இருக்கேன்."

"செத்துப்போனார்" என்ற சொல் உங்களுக்குக் கடினமாக இருக்கும். குழந்தைக்கு அது தெளிவாக இருக்கும். "அம்மா சாகவே மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "அம்மா ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நினைக்கிறேன். உன்னைப் பார்த்துக்க அப்பா இருக்காங்க, ஆச்சி இருக்காங்க" என்பது போதும். ஒரு தடவை சொன்னதோடு தீராது. அடுத்த வாரம் அதே கேள்வியை அப்படியே கேட்பாள். அதே பதிலை அதே பொறுமையோடு சொல்லுங்கள்.

"அப்போ இயேசப்பா ஏன் குணமாக்கல?" என்று கேட்டால்? "அம்மாவுக்கும் தெரியல பாப்பா. எனக்கும் அழுகையா வந்துச்சு" என்று சொல்லலாம். பெற்றோர் இப்படிச் சொன்னால் பிள்ளையின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேதமே அப்படி நினைக்கவில்லை. தாவீது தன் குழந்தைக்காக உபவாசமிருந்து தரையில் கிடந்தான், குழந்தை ஏழாம் நாளில் இறந்தது. பவுல் தன் மாம்சத்தில் குத்தும் முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில், தனக்கு வரவிருந்த பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி வேண்டிக்கொண்டவர் இயேசுவேதான். கேட்டதெல்லாம் கிடைத்தவர்களின் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, மீதியைப் பெரியவர்களுக்கென்று நாம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

சண்டே ஸ்கூலில் நாங்களே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: ஜெபத்துக்குக் கடவுள் "ஆம்", "இல்லை", "காத்திரு" என்று மூன்று விதமாகப் பதில் சொல்வார் என்பது. சைக்கிள் வேண்டும் என்று ஜெபிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். தாத்தாவை இழந்த பிள்ளையிடம் "கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டார்" என்று சொல்லாதீர்கள். அது அவளுக்குத் தாத்தாவின் மேல் விழுந்த தீர்ப்பு மாதிரி கேட்கும்.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த வசனம் ஒன்று இருக்கும். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது, ஏனென்றால் மூன்றே சொல்: "இயேசு கண்ணீர் விட்டார்." யோவான் 11ஆம் அதிகாரம், இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில். அவனை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும் அழுதார். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லும்போது அழுகை வந்த இடத்தில் நிறுத்துங்கள். "தாத்தா செத்துப்போனப்ப இயேசப்பாவும் அழுதிருப்பாரா?" என்று அவளே கேட்கக்கூடும்.

நாத்தனார் சொன்ன சொல்

இதில் நான் கொஞ்சம் கறாராக இருக்க விரும்புகிறேன். "விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார்" என்ற பேச்சு அந்தப் பிள்ளையின் காதில் "நீதான் தாத்தாவைக் காப்பாற்றவில்லை" என்று விழுந்திருக்கும். அவள் பதினோரு நாள் முழங்கால் போட்டவள். இந்தச் சுமையை ஆறு வயதில் யாரும் சுமக்கக் கூடாது.

அதே நேரம் உங்கள் நாத்தனாரும் அப்பாவை இழந்தவர். அவர் சொன்னது பெரும்பாலும் தன்னையே குற்றப்படுத்திக்கொண்ட பேச்சாகத்தான் இருக்கும். சண்டையாக எடுத்துப் போகாமல், உங்கள் கணவர் மூலமாகவே பேசவிடுங்கள், அவருக்குத் தங்கை. "அன்னிக்கு அழுகையில சொன்னேன் பாப்பா, உன்னால ஒண்ணும் ஆகல" என்று அவரே ஒரு வார்த்தை சொன்னால், நாம் பத்து முறை சொல்வதைவிட அது ஆழமாக இறங்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான், கேள்வி கேட்ட யோபுவை அல்ல.

கோபமாக ஜெபிக்கலாமா?

பயம் கரைந்த பிறகு கோபம் வரலாம். வந்தால் நல்லது என்றே சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வளர்த்த நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போன வாரம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி ஜெபித்துக்கொண்டு வந்தோம். அவன் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சண்டை போட்ட பிள்ளைகள் டூ விடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, "இயேசப்பா, நான் உங்ககூட டூ" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் "ஆமென்" என்றேன். டூ விட வேண்டுமென்றால்கூட எதிரில் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்பதும் அதே ரகம்தான். மூன்று நான்கு வாரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, அந்தப் பையன் இன்னொரு பையனின் காய்ச்சலுக்காக ஜெபித்தான்.

உங்கள் மகள் அப்படி ஏதாவது சொன்னால் பதறாதீர்கள், திருத்தாதீர்கள். "சரி, இன்னும் என்ன சொல்லணும் அவர்கிட்ட?" என்று கேளுங்கள். பேச வராத பிள்ளை படம் வரையலாம். தாத்தாவின் சாய்வு நாற்காலியை வரைந்து தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டால் அதுவும் ஜெபம்தான்.

ஒன்பது மணி ஜெபமும் ஆச்சியும்

உங்கள் மாமியார் சொல்லும் பழமொழியை மதிக்கிறேன். கூரை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணி நேரமாவது தூக்கம் தேவை, பன்னிரண்டு வரைகூடப் போகலாம். காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மணிக்குப் படுத்தால் கணக்கு இடிக்கிறது. அவள் தூங்கி விழுவது அவபக்தி இல்லை, உடம்பு கேட்பது.

ஆச்சி கேட்டால் மகிழக்கூடிய ஒரு செய்தி சொல்கிறேன். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூல், குடும்பத் தலைவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்காகவே எழுதப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் கொண்டுவந்தார். நம் குடும்ப ஜெபப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று அது. அதில் இரவு ஜெபம் நாலைந்து வரிதான். அது முடிந்ததும் லூத்தர் கொடுக்கும் அறிவுரை, உடனே மகிழ்ச்சியாகத் தூங்கப் போ என்பது.

ஆகவே ஜெபத்தை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், பாப்பாவின் பகுதியை முதலில் வையுங்கள். ஒரு பாட்டில் ஒரு சரணம். ஒரு சின்னக் கதை. ஆளுக்கு ஒரு நன்றி, அதுவும் அன்றைக்கு நடந்ததாக இருக்கட்டும்: மழையில் ஆட்டோ கிடைத்தது, இட்லி பூவாக வந்தது. பாப்பா "பாஸ்" என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, பெரியவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபியுங்கள். ஆச்சியின் ஜெபத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. பக்கத்து அறையில் ஆச்சி தன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்குவது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாக்கியம்.

மாமியாரிடம் குறையாகப் பேசாமல் உதவியாகக் கேளுங்கள். "அத்தை, நீங்க அவ பக்கத்துல உக்காந்து தலையைத் தடவி ஒரு கீர்த்தனை பாடுங்க. மாமா எப்படி ஜெபம் பண்ணுவாங்கன்னு சொல்லுங்க. உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். "இயேசப்பா கோவிச்சுக்குவார்" என்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகள் விஷயத்தில் இயேசு கோபித்துக்கொண்டார் என்று மாற்கு 10இல் எழுதியிருக்கிறதே, அது அவர்களைத் தடுத்த பெரியவர்கள் மேல்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே ஒரு சொல். இந்த எட்டு நிமிடம் மட்டும் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அவரும் அப்பாவை இழந்தவர். அந்தத் திரைக்குள் எதை மறைக்கிறார் என்று நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது கேட்டுப்பாருங்கள்.

நட்சத்திர அட்டையை எடுத்துவிடுங்கள்

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். ஜெப நேரத்தில் கூட உட்கார வைக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைப்பது போல. அது வீட்டு ஒழுங்கு. வாய் திறக்க வைக்கக் கூடாது. திறந்தால் வரும் வார்த்தை நம்மைத் திருப்திப்படுத்த வருவதாக இருக்கும்.

பரிசும் கட்டாயத்தின் இன்னொரு முகம்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரையும் ஆர்வம் குறைந்துபோனார்கள். உங்கள் மகள் "பொம்மை வேண்டாம்" என்று சொன்னதை நான் மதிக்கிறேன். அம்மாவின் உயிரைப் பற்றிய பயத்தைப் பொம்மைக்கு விற்க அவள் தயாராக இல்லை. அட்டையை அவள் முன்னாலேயே கழற்றி, "இது தேவையில்ல பாப்பா" என்று சொல்லிவிடுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் பேசிய பிறகும் தூக்கத்தில் அலறுவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, உங்களை விட்டுப் பள்ளிக்குப் போக மறுப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, விளையாட்டில் ஆசை போவது ஆகியவை சில வாரங்களுக்குத் தொடர்ந்தால் முதலில் குழந்தை மருத்துவரையும், பிறகு குழந்தைகள் மனநல ஆலோசகரையும் பாருங்கள். "நானும் தாத்தாகிட்ட போறேன்" என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். ஆலோசகரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ஜெபித்ததும் ஒன்றாகத்தானே நடந்தது.

கடைசியாக, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. ஆசிரியையிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவையுங்கள், மேடையில் வைத்து யாரும் வற்புறுத்தாமல் இருக்கட்டும். பாப்பாவிடம், "நீ சொன்னாலும் சரி, சொல்லாம மேய்ப்பன் வேஷம் போட்டு நின்னாலும் சரி, கீழ உக்காந்து பார்த்தாலும் சரி" என்று மூன்றையும் உண்மையாகவே திறந்து வையுங்கள். மேய்ப்பர்களுக்கு வசனம் கிடையாது. தாத்தாவின் பழைய துண்டு ஒன்று பெட்டியில் இருந்தால், தலைப்பாகைக்கு ஆகுமா என்று அவளிடமே கேளுங்கள்.